ஏனோக்கு நடந்த 300 ஆண்டுகள்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணியை நோக்கிச் செல்லும் சாலைகளில் காவி உடுத்திய மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8-ல் மாதாவின் பிறந்தநாளோடு நிறைவுறும் திருவிழாவுக்காக மாவட்டங்கள் பல கடந்து, பாதம் கொப்புளித்தும் விடாமல் வந்து சேர்கிறார்கள். பாதயாத்திரை வழக்கம் இல்லாத புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு யாத்திரை வேறொரு வழியாக வந்தது. பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதை ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்குள் புகுந்தது. அதைத் தழுவி நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-ல் நூலாக வந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய அந்தப் புலவர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஓர் ஆத்துமாவின் பயணத்தைப் பாடினார். இப்படி இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண்ணம் நமக்குள் வேரூன்றிவிட்டது. வாழ்க்கை ஒரு பயணம், உலகம் அதற்கான சாலை, மோட்சம் போய்ச் சேர வேண்டிய ஊர். இந்த எண்ணத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால், கிறிஸ்தவ வாழ்வை நடை என்று சொல்லும் பழைய வழக்கத்தில் இது ஒரு பாதிதான். இதைவிடப் பழையதும், வேதாகமத்தில் இதைவிட அடிக்கடி வருவதுமான இன்னொரு பாதி இருக்கிறது. அதில் போய்ச் சேரும் ஊரைப் பற்றிய பேச்சே இல்லை. யாரோடு நடக்கிறோம், எப்படி நடக்கிறோம் என்பது மட்டுமே அங்கே கேள்வி. அந்தப் பாதி மங்கிப்போனதால்தான் பக்தி என்றால் என்றோ ஒருநாள் புறப்பட்டதும், என்றோ ஒருநாள் போய்ச் சேரப்போவதும் மட்டுமே என்று ஆகிவிட்டது. இடையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான சாதாரண நாள்களுக்குப் பொருள் இல்லாமல் போகிறது.

முதல் சான்று வேதாகமத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் ஒரு வம்ச வரலாறு. இன்னார் இத்தனை வயது வாழ்ந்தார், பிள்ளைகளைப் பெற்றார், மரித்தார் என்று ஒரே நடையில் தலைமுறை தலைமுறையாகச் செல்லும். ஏனோக்கிடம் வரும்போது மட்டும் அது மாறுகிறது. 65-ஆம் வயதில் மெத்தூசலாவைப் பெற்ற பிறகு, 300 ஆண்டுகள் அவர் தேவனோடு நடந்தார் என்கிறது நூல். எங்கிருந்து எங்கே நடந்தார்? ஒரு மலையோ ஆறோ பட்டணமோ சொல்லப்படவில்லை. அந்த 300 ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதற்குக் கிடைக்கும் ஒரே தகவல், மகன்களையும் மகள்களையும் பெற்றார் என்பது. வீட்டை விட்டுப் புறப்படாமல், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நடந்த நடை அது. ஆபிரகாமின் வரலாற்றில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அவர் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. நெடும்பயணம் செய்து கானானுக்கு வந்து சேர்ந்தார். தமக்கு முன்பாக நடக்க வேண்டும், உத்தமனாக இருக்க வேண்டும் என்று தேவன் அவருக்குக் கட்டளையிட்டபோது வயது 99. புறப்பட்டு 24 ஆண்டுகள் ஆகிவிட்டன. வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் வந்துவிட்ட முதியவரைப் பார்த்துத்தான் நடக்கச் சொல்கிறார். பயணம்தான் நடையின் பொருள் என்றால் இந்தக் கட்டளை 24 ஆண்டுகள் பிந்தி வந்த கட்டளையாகத்தான் இருக்க முடியும்.

தீர்க்கதரிசி மீகாவின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு மனிதன் பதற்றத்தோடு கேள்விகளை அடுக்குகிறான். தேவனுக்கு எதைக் கொடுப்பது? ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களா, ஆறாகப் பெருகும் எண்ணெயா, தலைச்சன் பிள்ளையையே கொடுத்துவிடலாமா? கேள்விக்குக் கேள்வி காணிக்கையின் விலை ஏறிக்கொண்டே போகிறது. பதிலோ மிகச் சாதாரணமானது. நியாயம் செய், இரக்கத்தை நேசி, உன் தேவனோடு தாழ்மையாக நட. ஒரே நாளில் செய்து முடிக்கக்கூடிய பெரிய காரியத்தைக் கேட்டவனுக்கு, ஒருநாளும் செய்து முடிக்க முடியாத சிறிய காரியம் பதிலாகக் கிடைக்கிறது. பவுல் எபேசு சபைக்கு எழுதியதாக வரும் கடிதமும் இதே வழியில்தான் போகிறது. ஆறே அதிகாரங்கள் கொண்ட அந்தக் கடிதத்தில் நடையைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு பாவத்திலும் நீங்கள் நடந்துகொண்டுதான் இருந்தீர்கள் என்று தொடங்கி, அழைப்புக்குத் தகுந்தபடி, அன்பில், ஒளியின் பிள்ளைகளாக, விழிப்போடு நடக்க வேண்டும் என்று விரிகிறது. அந்த நடை எப்படி இருக்கும் என்பதை நான்காம் அதிகாரத்தின் பின்பகுதி சொல்கிறது. பொய்யை விட வேண்டும். பொழுது சாயும் முன் கோபத்தை விட வேண்டும். திருடியவன் இனித் திருடாமல் கையால் உழைத்து, இல்லாதவனுக்கும் கொடுக்க வேண்டும். வாயிலிருந்து கெட்ட வார்த்தை வரக் கூடாது. பாதையும் மைல்கல்லும் இல்லாத இந்தப் பட்டியல் முழுவதும் வீட்டுக்குள்ளும் தெருவிலும் வேலை செய்யும் இடத்திலும் நடப்பவை. எபேசுவின் துறைமுகத் தொழிலாளியோ அடிமையோ தான் இருந்த இடத்திலிருந்து ஓரடி நகராமல் நடக்க வேண்டிய நடை அது.

ஆதி சபை இதை இப்படித்தான் புரிந்துகொண்டது. இயேசுவைப் பின்பற்றியவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் அந்தியோகியாவில் வந்தது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அதற்கு முன்பே அவர்களுக்கு வழங்கிய அடையாளம், ‘இந்த மார்க்கத்தார்’ என்பது. தமஸ்குவுக்குச் சவுல் கைது ஆணையோடு கிளம்பியது இந்த மார்க்கத்தாரைப் பிடிக்கத்தான். கான்ஸ்டான்டிநோபிளில் 1873-ல் கையெழுத்துப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அச்சேறிய ‘டிடாக்கே’ என்ற பழமையான சபை ஒழுங்கு நூல், ஜீவ வழி, மரண வழி என்ற இரண்டு வழிகளை விவரித்தபடிதான் தொடங்குகிறது. ஞானஸ்நானத்துக்கு முன்பாகவே இந்தப் பாடம். ஹிப்போலித்துவின் பெயரில் வழங்கும் ‘அப்போஸ்தல மரபு’ இன்னும் ஒருபடி மேலே போகிறது. புதிதாக வருகிறவர்கள் மூன்று ஆண்டுகள் கேட்டுக் கற்க வேண்டும் என்று அது பொதுவாக வகுக்கிறது. ஞானஸ்நானத்துக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது விசாரிக்க வேண்டியவற்றையும் சொல்கிறது. அவர்கள் விதவைகளை மதித்தார்களா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்களா, நற்செயல்கள் செய்தார்களா என்று அவர்களை அழைத்து வந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் மனம் மாறினாய் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. மூன்று ஆண்டுகளாக உன் கால் எந்த வீட்டுப் படியை மிதித்தது என்பதே கேள்வி. இன்றைய நற்செய்திக் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறிப்பிட்டுப் பேசுகிறார்கள். அந்த நாள் உண்மையானதாகவே இருக்கலாம். அதற்கு மறுநாள் பற்றியும் ஆதி சபை கேட்டது.

பேச்சில் உவமையாகிவிட்டதால், நடை என்பது உடம்பு செய்யும் வேலை என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். ஓடும்போது இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று வரும். நடையில் அது இல்லை. ஒரு கால் எப்போதும் மண்ணில் இருக்கும். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் முன்னால் சரிகிறது, அடுத்த கால் போய் அதைத் தாங்குகிறது. விழத் தொடங்குவதும் தாங்கிக்கொள்வதுமாகவே மனிதன் முன்னேறுகிறான். இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு விழ வேண்டும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதம் வரையான குழந்தைகள் தங்கள் விருப்பப்படி விளையாடும்போது கவனிக்கப்பட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு ஓசியாவின் 11-ஆம் அதிகாரத்தைப் படித்தால் அது புதிதாக ஒலிக்கும். எப்பிராயீமைக் கைபிடித்து நடை பழக்கியது நான்தான் என்று அங்கே தேவன் சொல்கிறார். நீதிமான் ஏழு முறை விழுந்தாலும் எழுந்திருப்பான் என்கிறது நீதிமொழிகள். நடை பழக்கும் தாய்க்குக் குழந்தை விழுவது அதிர்ச்சி இல்லை. பாவத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விழுந்தவன் நடையிலிருந்து நீக்கப்பட்டவன் என்ற கணக்கு வேதாகமத்தின் கணக்கில்லை என்பதே பொருள். ஒருமுறை சறுக்கியவர் தம் விசுவாசமே பொய் என்று முடிவுகட்டி ஒதுங்குவதும், அப்படி முடிவுகட்டச் சபையே தூண்டுவதும், நடையை ஓர் ஏறுமுகப் பயணமாக மட்டும் பார்த்ததன் விளைவு என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போய்ச் சேரும் இடம் முக்கியமில்லை என்றால் எபிரேயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை என்ன செய்வது? விசுவாசிகள் பூமியில் அந்நியரும் பரதேசிகளுமாக இருந்து, தேவன் ஆயத்தம் செய்த நகரத்தை நாடினார்கள் என்று அது சொல்கிறதே. பவுலும் ஓட்டத்தை முடித்தேன் என்று சொன்னதாக தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இருக்கிறதே. நம்பிக்கையின் முடிவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஒழுக்கப் பாடம் அல்லவா? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அந்த நகரம் இல்லாமல் கிறிஸ்தவ நம்பிக்கை இல்லை. ஆனால், எபிரேயர் நிருபம் அந்த நகரத்தைச் சொன்ன கையோடு யாரைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கூடாரங்களில் குடியிருந்தவர்களை, வாக்குத்தத்தம் கைக்கு வராமலே மரித்தவர்களை. அவர்கள் போய்ச் சேர்ந்ததற்காகப் புகழப்படவில்லை, சேராத நிலையிலும் நம்பி வாழ்ந்ததற்காகப் புகழப்படுகிறார்கள். ஓட்டம் பற்றிய பேச்சுக்கும் அதற்குரிய இடம் உண்டு. இரத்தசாட்சியின் கடைசி நாள்களுக்கும் நெருக்கடி வேளைக்கும் அது பொருந்தும். ஏசாயாவின் 40-ஆம் அதிகாரத்துக் கடைசி வசனம் இந்த வரிசையைத் தெளிவாகவே வைக்கிறது. கர்த்தருக்குக் காத்திருப்பவர்கள் முதலில் கழுகைப்போலச் சிறகடிப்பார்கள், அடுத்து ஓடுவார்கள், கடைசியில் நடப்பார்கள். நாமாக எழுதியிருந்தால் நடந்து, ஓடி, பறப்பதாக ஏறுவரிசையில்தான் வைத்திருப்போம். பாபிலோனின் அடிமைத்தனத்தில் சோர்ந்துபோன மக்களுக்குச் சொல்லப்பட்ட அந்த வாக்கு இறங்குவரிசையில் வந்து நடையில் முடிகிறது. பறப்பது சில கணம், ஓடுவது சில நாள். சோர்வில்லாமல் நடப்பதற்குத்தான் அதிக பலம் தேவை என்று அந்த வரிசையை நான் வாசிக்கிறேன்.

பனியனையே சாட்சிக்கு அழைக்கலாம். உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் அவர். பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். அந்தச் சிறைவாசத்தில் கருக்கொண்டதாகக் கருதப்படும் முதல் பாகம் ஒரு தனி மனிதனின் பயணம். கதாநாயகன் கிறிஸ்டியன் காதைப் பொத்திக்கொண்டு, பின்னால் கூப்பிடும் மனைவி மக்களை விட்டுவிட்டு ஓடுகிறான். வழியில் தோழர்கள் கிடைத்தாலும் அது அவனுடைய ஆத்தும மீட்பின் கதை. இதைத்தான் எல்லோரும் அறிவார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1684-ல் பனியன் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். அதில் விடப்பட்ட மனைவி கிறிஸ்டியானா நான்கு மகன்களோடும் அண்டை வீட்டுப் பெண்ணோடும் அதே பாதையில் வருகிறாள். வழிகாட்டியாக ஒரு வீரர் சேர்ந்துகொள்கிறார். போகப் போகக் கூட்டம் பெருகுகிறது. ஊன்றுகோல் இல்லாமல் அடி வைக்க முடியாத ஒருவர், மனவலிமை குன்றிய ஒருவர், எப்போதும் அஞ்சி நடுங்கும் ஒரு தந்தையும் மகளும் வந்து சேர்கிறார்கள். மனவலிமை குன்றியவர் தன்னால் எல்லாருக்கும் தாமதம் ஆகும் என்று தயங்கும்போது, உங்களுக்காகக் காத்திருப்போம் என்று வழிகாட்டி சொல்கிறார். நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் கொல்லப்பட்ட பிறகு, ஊன்றுகோல்காரர் ஒரு கையில் கோலோடு அந்த அஞ்சிய பெண்ணின் கைபிடித்து நடனமாடுகிறார். இலக்கிய விமர்சகர்கள் பலருக்கு முதல் பாகமே பெரியது. வேகமும் பயங்கரமும் அதில் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனாலும் கிறிஸ்தவ வாழ்வு இன்னதென்று அறிய விரும்பும் ஒருவருக்கு நான் இரண்டாம் பாகத்தைத்தான் கொடுப்பேன். ஒரு சபையின் வேகம் அதில் மிகமெதுவாக நடப்பவரின் வேகம் என்பதை முதல் பாகம் சொல்லவில்லை.

மனைவி மக்களை விட்டுப் போவது பற்றி மார்ட்டின் லூதரும் கவலைப்பட்டிருக்கிறார். இளம் துறவியாக ரோமுக்கு நடந்தே போய்வந்தவர் அவர். 1520-ல் ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் ரோம் யாத்திரைகளை ஒழிக்க வேண்டும் என்றார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் துன்பப்படும்போது காசைச் செலவழித்து யாத்திரை போவது தேவன் கட்டளையிட்ட காரியம் இல்லை என்பது அவருடைய வாதம். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய நான்காம் நூற்றாண்டில் நிசாவின் ஆயர் கிரகோரியும் எருசலேம் யாத்திரை பற்றிக் கடிதம் எழுதினார். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தே எழுதினார். இடம் மாறுவதால் தேவன் நெருங்கி வந்துவிடுவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஆறாம் நூற்றாண்டில் மேற்கத்தியத் துறவறத்துக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட், மடம் மடமாக அலைந்து மூன்று நான்கு நாள் தங்கித் திரியும் துறவிகளைக் கடுமையாகக் கண்டித்தார். ஓரிடத்தில் நிலைத்திருப்பதை வாக்குறுதியாகவே வைத்தார். இவர்களைக் காட்டி, நடை என்ற உருவகமே தவறு, நிலைத்திருப்பதுதான் பக்தி என்று ஒருவர் வாதிடக்கூடும். ஆனால், அதே பெனடிக்டின் ஒழுங்கு நூல் தன் முன்னுரையில் துறவியின் வாழ்வை ஒரு பாதையில் முன்னேறுவதாகவே விவரிக்கிறது. இடம் மாறாதே என்று கட்டளையிட்டவருக்கும் நடையைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. ஒரே மடத்தில், ஒரே சகோதரர்களோடு, அவர்களுடைய குறைகளைப் பொறுத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாழ்வதுதான் அவர் கண்ட நடை. ஏனோக்கின் நடைக்கு இதுவே மிக அருகில் இருக்கிறது. இதனால் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, கிடைத்த சோற்றைப் பகிர்ந்து போகும் அந்தச் சில நாள்கள், வீடு திரும்பிய பிறகான நடைக்குப் பயிற்சியாக அமையும்போது லூதரின் கண்டனம் அவர்கள்மேல் விழாது.

மீட்பு கிருபையால் வருவது, நடந்து சம்பாதிப்பது அல்ல என்ற புராட்டஸ்டன்ட் எச்சரிக்கைக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். எபேசியர் இரண்டாம் அதிகாரம் கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொன்ன அடுத்த மூச்சிலேயே, நாம் நடப்பதற்காகத் தேவன் முன்னதாகவே நற்செயல்களை ஆயத்தம் செய்திருக்கிறார் என்கிறது. யாத்திரையை மட்டும் மனத்தில் வைத்தால் இந்த இரண்டும் மோதும். தூரத்தை நடந்தே கடக்க வேண்டியவனுக்கு ஒவ்வோர் அடியும் ஒரு சம்பாத்தியம். கூட நடப்பவனுக்கு அப்படியில்லை. துணை ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது, நடந்து அதைப் பெற வேண்டியதில்லை.

லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வரும் எம்மாவுச் சம்பவம் இதற்கு மிகச் சிறந்த ஆதாரம். இயேசு உயிர்த்தெழுந்த நாளில் இரண்டு சீடர்கள் எருசலேமிலிருந்து எம்மாவு என்ற கிராமத்துக்கு நடக்கிறார்கள். 60 ஸ்தாதி தூரம், இன்றைய கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர். அவர்கள் போகும் திசையைக் கவனிக்க வேண்டும். உயிர்ப்புச் செய்தி பரவத் தொடங்கிய நகரத்துக்கு முதுகைக் காட்டி, நம்பிக்கை இழந்து, விலகிப் போகிறார்கள். இயேசு அவர்களை வழிமறித்துத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் போன திசையிலேயே சேர்ந்து நடந்தார், அவர்களுடைய துக்கத்தைப் பேசவிட்டுக் கேட்டார், பிறகு பேசினார். அவர் யாரென்று அவர்கள் அறிந்தது வீட்டில் அப்பத்தைப் பிட்டபோது. அதன்பின் அந்த இரவே அவர்களாகவே எருசலேமுக்குத் திரும்பினார்கள். துணை முதலில் வந்தது, திசை பிறகு சரியானது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வழிதவறிய பிள்ளையோ சந்தேகம் வந்த இளைஞரோ முதலில் திசையைச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் சேர்ந்து நடப்போம் என்கிறோம். வடக்குத் தாய்லாந்தில் எருமை மேய்க்கும் உழவர்களிடையே 1960-களில் ஊழியம் செய்த ஜப்பானிய இறையியலாளர் கோசுகே கொயாமா, தேவனின் வேகம் மணிக்கு மூன்று மைல் என்ற கருத்தை ஒரு நூலின் தலைப்பிலேயே வைத்தார். அது மனிதன் நடக்கும் வேகம். அன்பின் வேகம் அதுதான் என்றும், ஒரு பாடத்தைக் கற்பிக்க இஸ்ரவேலரை 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் நடத்தியது அதனால்தான் என்றும் அவர் வாதிட்டார். எல்லா மதங்களிலும் நடை இருக்கிறதே, பழனிக்கும் பண்டரிபுரத்துக்கும் நடக்கவில்லையா, இதில் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியது என்ன என்று கேட்பவர்களுக்கும் எம்மாவு பதில் சொல்லும். தெய்வத்தைத் தேடி மனிதன் நடப்பது எங்கும் உள்ள பக்தி, மதிக்கத்தக்க பக்தி. கிறிஸ்தவம் தனியாகச் சொல்ல வருவது, கலிலேயாவின் புழுதியில் மற்றவர்களைப் போலவே கால் வலிக்க நடந்த ஒருவரில் தேவன் நம்மோடு நடந்தார் என்பதை.

இப்படி உள்ளுக்குள் நடக்கும் நடை சமூக அநீதியைக் கண்டுகொள்ளாத சாந்தமாகச் சுருங்கிவிடாதா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்தில் அப்படிச் சுருங்கவில்லை. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையைத் தர மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1-ல் கைதானார். டிசம்பர் 5-ல் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். ஒரு நாளைக்கென்று தொடங்கியது அன்று மாலை ஒரு தேவாலயத்தில் கூடிய கூட்டத்தின் முடிவால் தொடர்ந்து, 381 நாள்கள் நீடித்தது. தலைமை தாங்கிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26. கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள், சபைகளின் பெயரிலேயே வண்டிகள் வாங்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு நடந்தார்கள். வீட்டுவேலை செய்த பெண்கள் அதிகாலையில் போனார்கள், மாலையில் அதே தூரம் திரும்பினார்கள். 1956 ஜனவரி 30-ல் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. கொதித்துத் திரண்ட கூட்டத்தை அவர் வாசலில் நின்று அமைதியாக வீடு திரும்பச் சொன்னார். அவர்களுக்கு இலக்கு இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால், தீர்ப்பு வருமா என்று தெரியாத நாள்களில் அவர்களைத் தாங்கியது, நாளை காலையும் இவர்களோடு, வெறுப்பில்லாமல் நடப்பேன் என்ற உறுதி. மீகா சொன்ன நியாயமும் இரக்கமும் தாழ்மையான நடையும் ஒன்றுக்கொன்று வேறானவை அல்ல என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படும் கேள்வி நடக்க முடியாதவர்களுடையது. பக்திக்கு நடை என்று பெயர் வைத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் படுக்கையில் கிடப்பவரையும் அந்தச் சொல்லே வெளியே தள்ளாதா? அமெரிக்க இறையியலாளர் நான்சி ஈஸ்லாண்ட் ‘ஊனமுற்ற தேவன்’ என்று பொருள்படும் தலைப்பில் 1994-ல் எழுதிய நூல், உயிர்த்தெழுந்த இயேசு காயப்பட்ட கைகளோடும் கால்களோடும்தான் சீடர்களுக்குத் தம்மைக் காட்டினார் என்பதை அழுத்தமாக நினைவூட்டியது. வேதாகமத்தை ஏறுமுகப் பயணமாகப் படிப்பவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. துணையோடு நடப்பதாகப் படித்தால் பதில் அங்கேயே இருக்கிறது. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபு ஆசீர்வாதத்தையும் இடுப்புச் சுளுக்கையும் ஒன்றாகப் பெற்றார். ஒரு நாட்டுக்கே பெயர் தந்த அந்த மனிதர் அதன்பின் நொண்டித்தான் நடந்தார். ஏசாயா 46-ஆம் அதிகாரத்தில், நரைக்கும் வயதுவரை உங்களைச் சுமப்பேன் என்கிறார் தேவன். யோவான் நற்செய்தியின் முடிவில் இயேசு பேதுருவிடம், நீ வாலிபனாக இருந்தபோது உனக்கு இஷ்டமான இடத்துக்கு நடந்தாய், முதிர்வயதிலோ வேறொருவன் உன் இடுப்பைக் கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற பொருளில் பேசுகிறார். இதைச் சொன்ன உடனே, என்னைப் பின்பற்று என்கிறார். சொந்தக் காலில் நினைத்த இடத்துக்குப் போகும் திறன் போய்விடும் என்று சொன்ன அதே நேரத்தில் அந்த அழைப்பு வருகிறது என்றால், பின்பற்றுதல் அந்தத் திறனைப் பொறுத்தது அல்ல. சபைக்கும் இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. சுமார் 155-ஆம் ஆண்டில் ரோமில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறு வழிபாடு முடிந்ததும் வர இயலாதவர்களுக்கு நற்கருணையின் பங்கை உதவிக்குருக்கள் எடுத்துச் சென்றார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குத் தொடர்ந்து வருவோர் பெயரை மட்டும் பதிவேட்டில் வைத்திருக்கும் சபைகள், அந்தப் பதிவேட்டில் எத்தனை வீடுகளுக்குத் தாங்கள் நடந்துபோக வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதிவைக்கத் தொடங்கலாம்.